செயின்ட் லூயிஸ் சுற்றிப் பார்க்க இரண்டு நாள்: எதை முதலில், எதை அப்புறம்

மிசூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸில் பார்க்க வேண்டிய இடங்களில் பாதிக்கு மேல் இலவசம். காசு போகப் போவதில்லை என்ற தைரியத்தில் பலர் எந்தத் திட்டமும் இல்லாமல் வந்து இறங்கிவிடுகிறார்கள். அப்புறம் திங்கட்கிழமை மியூசியம் பூட்டியிருக்கும், மதியம் போய்க் கேட்டால் ஆர்ச் (ஊரின் அடையாளமான கேட்வே ஆர்ச் என்னும் மாபெரும் வளைவு) உச்சிக்குப் போகும் டிக்கெட் தீர்ந்திருக்கும், நடுப்பகல் வெயிலில் மிருகக்காட்சிசாலையில் குழந்தை அழும். வரும் விருந்தாளிகளை ஊர் சுற்றிக் காட்டுவது இங்கே என் பொறுப்பு என்பதால், எல்லாரும் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தெரிகிறது. இடங்களில் குறை இல்லை, வரிசையில்தான் இருக்கிறது.

கீழே உள்ளது இரண்டு முழு நாளுக்கான வரிசை. வண்டி இருந்தால் மூன்றாம் நாள் காலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1. தேதியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆகியவை நல்ல காலம். ஜூலையில் பகல் வெயில் 32 டிகிரியை ஒட்டி நிற்கும், கூடவே சென்னை மாதிரிப் புழுக்கம். ஜனவரியில் உறைநிலைக்குக் கீழே போகும். வசந்தத்தில் வருபவர்கள் கைப்பேசியில் வானிலை எச்சரிக்கையை அணைத்து வைக்கக் கூடாது, ஏனென்றால் அதுதான் சூறாவளிக் காலம். மாதத்தின் முதல் திங்கள் காலை 11 மணிக்கு ஊர் முழுக்கச் சங்கு ஊதினால் பதற வேண்டாம், அது சோதனை. வேறு நேரத்தில் ஊதினால் கேள்வி கேட்காமல் கட்டடத்துக்குள் கீழ்த்தளத்துக்குப் போங்கள்.

அடுத்து கிழமை. கலை அருங்காட்சியகமும் மிசூரி வரலாற்று அருங்காட்சியகமும் திங்களன்று மூடியிருக்கும். வார இறுதியோடு திங்களைச் சேர்த்து விடுமுறை எடுப்பவர்கள் அந்தத் திங்களை ஆர்ச்சுக்கு ஒதுக்குவது நல்லது. ஆர்ச் திங்களன்றும் திறந்திருக்கும்.

மூன்றாவதாக, கார்டினல்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்ட அட்டவணை. பேஸ்பாலில் ஆர்வம் இல்லாதவர்களும் இதைப் பார்த்தே ஆக வேண்டும். அவர்கள் ஆடும் புஷ் ஸ்டேடியம் ஆர்ச்சிலிருந்து நடக்கும் தூரம்தான். உள்ளூரில் ஆட்டம் இருக்கும் நாளில் டவுன்டவுன் முழுக்கச் சிவப்புச் சட்டைக் கூட்டம். பார்க்கிங் கட்டணம் ஏறும், இடமும் கிடைக்காது.

2. தங்குமிடம்: டவுன்டவுனா, சென்ட்ரல் வெஸ்ட் எண்டா?

முதல்முறை வருபவர்கள் ஆர்ச் பக்கத்திலேயே ஹோட்டல் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அலுவலக நேரம் முடிந்ததும் டவுன்டவுன் தெருக்கள் பல வெறிச்சோடிவிடும். இரவு எட்டு மணிக்குக் குழந்தையோடு சாப்பிடக் கடை தேடி அலைய வேண்டிவரும்.

சென்ட்ரல் வெஸ்ட் எண்ட் பகுதியில் தங்கினால் உணவகங்கள் நடக்கும் தூரம், ஃபாரஸ்ட் பார்க் பக்கம், மெட்ரோலிங்க் ரயில் நிலையமும் அங்கேயே. டவுன்டவுனுக்கு அதே ரயிலில் போய் வந்துவிடலாம்.

வண்டி எடுப்பதா வேண்டாமா என்பதற்கு என் பதில் இது: முதல் நாளுக்குத் தேவையில்லை, இரண்டாம் நாளுக்கு இருந்தால் நல்லது, மூன்றாம் நாளுக்குக் கட்டாயம். வண்டி எடுத்தால் ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். நிறுத்திவிட்டுப் போகும்போது உள்ளே எதுவும் கண்ணில் படக் கூடாது. பை, சார்ஜர் வயர், காலி ஷாப்பிங் கவர்கூடக் கூடாது. கண்ணாடியை உடைத்துப் பை எடுப்பது இந்த ஊரில் சர்வசாதாரணம். டிக்கியில் வைப்பதானாலும் கிளம்பும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். போய்ச் சேர்ந்த பார்க்கிங்கில் டிக்கியைத் திறந்து பை வைப்பதை யாராவது பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வழி கேட்டால் ஊர்க்காரர்கள் 'ஹைவே ஃபார்ட்டி' என்பார்கள். பெயர்ப்பலகையிலும் வரைபடத்திலும் அது 64. இரண்டும் ஒரே சாலை.

3. எல்லாவற்றுக்கும் முன் ஆர்ச் டிராம் டிக்கெட்

ஆர்ச்சுக்குள் உச்சிவரை ஏற்றிச் செல்வது டிராம். இந்த ஊரில் முன்கூட்டி நேரம் குறித்து வாங்கியே தீர வேண்டிய டிக்கெட் இது ஒன்றுதான். அதனால் முதலில் இதை வாங்கிவிட்டு, மற்றதை இதைச் சுற்றி அடுக்குங்கள். கோடையிலும் வார இறுதியிலும் அன்றைய டிக்கெட் அன்றே தீர்ந்துபோவது சாதாரணம்.

காலையின் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வரும் டிராமை எடுங்கள். கூட்டம் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று, காலை வெயில் கிழக்கிலிருந்து விழுவதால் மேற்கு ஜன்னல் வழியாக நகரம் தெளிவாகத் தெரியும். மாலையில் போனால் ஊர்ப்பக்கம் கண் கூசும், ஆற்றுப்பக்கம் மட்டும்தான் நன்றாக இருக்கும்.

வாங்கும் முன் வீட்டில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஒன்று, எல்லாராலும் படி ஏற முடியுமா? டிராம் இருந்தாலும் மேலேயும் கீழேயும் படிகள் உண்டு, போக ஏறக்குறைய நூறு, வரவும் அதே அளவு. சக்கர நாற்காலி உச்சிக்குப் போகாது. இரண்டு, மூடிய சின்ன இடம் என்றால் யாருக்காவது பயமா? டிராம் என்று சொல்கிறார்களே தவிர, அது உருண்டையான சின்னப் பெட்டிகளின் கோவை. ஒரு பெட்டியில் ஐந்து இருக்கைகள், கதவின் உயரம் நாலடி. குனிந்துதான் நுழைய வேண்டும், உட்கார்ந்தால் எதிரில் இருப்பவரின் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். துணி துவைக்கும் இயந்திரத்தின் டிரம்முக்குள் ஐந்து பேர் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஏற நாலு நிமிடம், இறங்க மூன்று நிமிடம், அவ்வளவுதான். ஆனால் பயப்படுகிறவர்களுக்கு அந்த நாலு நிமிடமே நீளம். கீழே ஒரு மாதிரிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். சந்தேகம் உள்ளவர்கள் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

4. முதல் நாள் காலை: ஆர்ச்

டிராம் நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே வாசலில் இருங்கள். காரணம், விமான நிலையத்தில் இருப்பது போன்ற சோதனை இங்கேயும் உண்டு. சாவிக்கொத்தில் தொங்கும் சின்னக் கத்திக்குக்கூட அனுமதி இல்லை. அதைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவதற்குள் டிராம் போய்விடும்.

அடுத்து, வாசல் எங்கே என்பது. பெரும்பாலோர் நேரே ஆர்ச்சின் காலடிக்குப் போய்க் கதவைத் தேடுகிறார்கள். 2018 முதல் நுழைவாயில் மேற்குப் பக்கம், ஓல்டு கோர்ட்ஹவுஸ் என்னும் குவிமாடக் கட்டடத்தைப் பார்த்தபடி, புல்வெளிக்குள் தணிந்து இருக்கிறது. நான்காம் தெருவில் அந்தக் குவிமாடத்துக்கு முதுகு காட்டி நின்று ஆர்ச்சை நோக்கி நடந்தால் வாசலில்தான் போய் முட்டுவீர்கள். ரயிலில் வருபவர்கள் எய்த் அண்ட் பைன் நிலையத்தில் இறங்கிச் சில தெருக்கள் கிழக்கே நடந்தால் போதும். வண்டியில் வருபவர்களுக்கு ஒரு விஷயம்: ஆர்ச்சுக்கென்று தனிப் பார்க்கிங் கிடையாது. டவுன்டவுன் பார்க்கிங் கட்டடம் ஒன்றில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். அந்த நடையையும் முக்கால் மணியோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். உச்சியில் கழிப்பறை இல்லை. குழந்தைகள் மேலே போனதும்தான் கேட்பார்கள்.

உச்சி 630 அடி உயரம். பக்கத்துக்கு 16 ஜன்னல்கள், ஒவ்வொன்றும் ஒரு புத்தக அலமாரித் தட்டு அளவுக்குக்கூட இல்லாத சின்னச் செவ்வகம். நின்றபடி எட்டிப் பார்த்தால் வானம்தான் தெரியும். சுவர் சரிவாக, கம்பளம் போர்த்தி இருக்கிறது. அதன்மேல் வயிறு பதியக் குப்புறச் சாய்ந்து, முகத்தைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனால் நேர் கீழே புல்வெளியும் ஆர்ச்சின் நிழலும் தெரியும். கைப்பேசியைக் கண்ணாடியில் ஒட்ட வைத்துப் படம் எடுங்கள், விளக்கின் பிரதிபலிப்பு விழாது. காற்று பலமாக இருந்தால் லேசாக ஆடும். அப்படி ஆடும்படிதான் கட்டியிருக்கிறார்கள்.

ஆர்ச்சின் அடியில் நிலத்துக்குக் கீழே இருக்கும் மியூசியம் இலவசம். டிராமுக்கு முன் அதைப் பார்க்கத் தொடங்காதீர்கள், பாதியில் விட்டு ஓட வேண்டிவரும். இறங்கி வந்த பிறகு சாவகாசமாக ஒரு மணி நேரம் கொடுங்கள்.

5. முதல் நாள் பிற்பகல்: நடக்கும் தூரத்தில் இருப்பவை

வெளியே வந்ததும் எதிரே ஓல்டு கோர்ட்ஹவுஸ். அடிமையாக இருந்த டிரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும் விடுதலை கேட்டு 1846-ல் தொடுத்த வழக்கு விசாரிக்கப்பட்ட இடம். புதுப்பித்து 2025-ல் மறுபடி திறந்தார்கள். இலவசம்தான். ஆர்ச்சோடு படம் எடுக்க மட்டும் இதன் படிக்கட்டைப் பயன்படுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளே அரை மணி நேரமாவது போங்கள்.

ஆற்றங்கரைக்கு இறங்கினால் ஈட்ஸ் பாலம், 1874-ல் கட்டியது. மிசிசிப்பியில் சுற்றிவரும் படகும் அங்கிருந்து கிளம்புகிறது. ஒரு மணி நேரப் படகுப் பயணம் வயதானவர்களுக்கு நல்ல ஓய்வு. அவர்கள் ஆர்ச் ஏறவில்லை என்றால் இதுதான் மாற்று. மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் ஏறினால் படகு நின்றுவிடும், அதனால் அன்று காலை பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அங்கிருந்து மெட்ரோலிங்கில் யூனியன் ஸ்டேஷன். இப்போது அங்கே நெடுந்தூர ரயில் வருவதில்லை. ஹோட்டல், மீன் காட்சியகம், ராட்டினம் எல்லாம் சேர்ந்த இடமாகிவிட்டது. மீன் காட்சியகம் சின்னக் குழந்தை இல்லாதவர்களுக்கு அவசியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிராண்ட் ஹால் கூடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதற்குக் கட்டணம் இல்லை. அதன் நுழைவுப் பக்கம் ஒரு வளைவு இருக்கிறது. ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நின்று ஒருவர் கிசுகிசுத்தால் எதிர் மூலையில் சுவரில் காது வைத்து நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும்.

6. இரண்டாம் நாள்: ஃபாரஸ்ட் பார்க், காலையிலிருந்து

ஏறக்குறைய 1,300 ஏக்கர். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைவிடப் பெரியது. 'ஒரு பூங்காதானே, மதியம் எட்டிப் பார்க்கலாம்' என்று நினைப்பதுதான் இந்த ஊரில் விருந்தாளிகள் செய்யும் ஆகப் பெரிய தவறு. மிருகக்காட்சிசாலை, கலை அருங்காட்சியகம், வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் மையம் நான்கும் இந்தப் பூங்காவிலும் அதன் விளிம்பிலும்தான். நான்கிலும் பொது நுழைவு இலவசம். ஊர் மக்களின் சொத்து வரியில் ஒரு பங்கு இதற்கென்றே போகிறது, அதனால் வெளியூர்க்காரர்களிடமும் கேட்பதில்லை. நன்கொடைப் பெட்டி இருக்கும், மனமிருந்தால் போடுங்கள்.

நான்கையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு போதும். இலவசம் என்பதால் பாதியில் வெளியே வருவதில் நஷ்டம் இல்லை.

வரிசை இது. காலையில் திறக்கும்போதே மிருகக்காட்சிசாலை. வெயில் ஏறினால் விலங்குகள் நிழலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். நுழைவு இலவசம் என்றாலும் அதன் பார்க்கிங்குக்கும் உள்ளே ஓடும் குட்டி ரயிலுக்கும் காசு. பார்க்கிங் காசை மிச்சம் பிடிக்கப் பூங்காச் சாலையோரம் நிறுத்தலாம், காலை ஒன்பதுக்கு முன் வந்தால் இடம் கிடைக்கும். தெற்கு வாசல் அருகே 1904 உலகக் கண்காட்சிக்குக் கட்டிய பெரிய பறவைக்கூண்டு இன்னும் இருக்கிறது, உள்ளே நடந்து போகலாம். தெற்கில் தொடங்கி வடக்கு வாசலில் முடியுங்கள்.

ஏனென்றால் வடக்கு வாசலிலிருந்து சற்று மேடேறினால் கலை அருங்காட்சியகம். வெயில் உச்சிக்கு வரும் நேரம் குளிர்ந்த கட்டடத்துக்குள் இருப்பீர்கள். ஜெர்மன் ஓவியர் மேக்ஸ் பெக்மனின் படைப்புகள் உலகிலேயே அதிகம் இருப்பது இங்கேதான். வெளியே வந்தால் குதிரைமேல் மன்னர் ஒன்பதாம் லூயியின் சிலை, அதற்குக் கீழே ஆர்ட் ஹில் சரிவு, சரிவின் அடியில் நீரூற்றுகளோடு குளம். மாலை ஐந்து மணிக்கு அந்தப் புல்லில் உட்காரத்தான் ஊர்க்காரர்களே வருகிறார்கள்.

குழந்தைகளுக்கு ஓவியம் பிடிக்காது என்றால் மதியத்தை அறிவியல் மையத்துக்கு மாற்றுங்கள். கோளரங்கக் காட்சிக்கு மட்டும் தனி டிக்கெட்.

ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை வருபவர்களுக்கு இன்னொன்று: மியூனி என்னும் திறந்தவெளி அரங்கம், ஏறக்குறைய 11,000 இருக்கைகள். பின்வரிசையில் 1,400-க்கும் மேற்பட்ட இருக்கைகள் ஒவ்வொரு காட்சிக்கும் இலவசம், முந்துபவர்களுக்கு. மேடை தூரம், பைனாகுலர் வேண்டும். விசிறியும் தண்ணீரும் எடுத்துப் போங்கள்.

7. சிட்டி மியூசியம்: பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், 'இன்னொரு மியூசியமா' என்று பலர் விட்டுவிடுகிறார்கள், வருபவர்களும் தப்பான உடையில் வருகிறார்கள். பழைய காலணி நிறுவனக் கட்டடம் ஒன்றைப் பாப் கேசிலி என்ற சிற்பி குகைகளும் கம்பிச் சுரங்கங்களும் சறுக்குமரங்களுமாக மாற்றி 1997-ல் திறந்தார். பத்து மாடி உயரச் சுழல் சறுக்கு ஒன்று உண்டு. கூரை விளிம்பில் ஒரு பள்ளிப் பேருந்து பாதி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதற்குள்ளும் ஏறலாம்.

இங்கே தவழ வேண்டும். அதனால் முழுக்கால் பேண்ட், காலை மூடும் ஷூ, முடிந்தால் முழங்கால் பட்டை. புடவையும் துப்பட்டாவும் கம்பியில் மாட்டும், அன்றைக்கு வேண்டாம். கைப்பேசியை ஜிப் வைத்த பையில் போடுங்கள். சட்டைப் பையிலிருந்து விழுந்தால் இரண்டு மாடிக் கம்பிகளுக்குக் கீழே போய்க் கிடக்கும். வழிகாட்டி வரைபடம் தேடாதீர்கள், வேண்டுமென்றேதான் கொடுப்பதில்லை. நுழைந்தவுடன் பிள்ளைகளிடம் ஒரு சந்திக்கும் இடத்தைக் காட்டி, நேரத்தையும் சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் நுழைய முடியாத துளையில் அவர்கள் நுழைந்து வேறு மாடியில் வெளியே வருவார்கள்.

இதற்குக் கட்டணம் உண்டு. குளிர்காலத்திலும் மழையிலும் கூரைத் தளம் மூடியிருக்கும். கூரைக்காகவே வருகிறீர்கள் என்றால் வானிலை பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகள் இருந்தால் முதல் நாள் பிற்பகல் யூனியன் ஸ்டேஷனை விட்டுவிட்டு இங்கே வரலாம், டவுன்டவுனிலேயே இருக்கிறது.

8. மழை வந்துவிட்டால்

சென்ட்ரல் வெஸ்ட் எண்டில் கதீட்ரல் பசிலிக்கா தேவாலயம். சுவர், வளைவு, கூரை முழுக்க மொசைக், 4 கோடிக்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள். உள்ளே வந்ததும் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் தங்க நிறம் எழுந்து வரும். பூசை நேரத்தில் சுற்றி நடக்கக் கூடாது.

அல்லது மிசூரி தாவரவியல் பூங்காவின் கிளைமட்ரான் என்னும் கண்ணாடிக் குவிமாடம். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே வெப்பமண்டலக் காடு. ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் வாழை மரத்தைப் பார்த்துச் சும்மா நகர மாட்டார்கள். குளிர்காலத்தில் போனால் கண்ணாடியும் கேமராவும் ஆவியடிக்கும், கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

9. மூன்றாம் நாள் காலை, வண்டி இருந்தால்: காஹோக்கியா மேடுகள்

ஆற்றைத் தாண்டி இல்லினாய் பக்கம், கால் மணி நேர ஓட்டம். ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் பூர்வகுடிகள் எழுப்பிய மண்மேடுகள். 1982-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இலவசம்.

பெரிய மேடான மங்க்ஸ் மவுண்ட் 100 அடி உயரம், உச்சிவரை படிகள். நிழல் என்பதே இல்லை, அதனால் காலை பத்துக்குள் ஏறி இறங்கிவிடுங்கள். மேலே நின்று மேற்கே பார்த்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஆர்ச் தெரியும். கிளம்பும் முன் விளக்க மையம் திறந்திருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், அது மூடியிருந்தாலும் மேடுகளை நடந்து பார்க்கலாம்.

10. சாப்பாட்டில் கவனிக்க வேண்டியவை

'டோஸ்டட் ராவியோலி', அதாவது உள்ளே பூரணம் வைத்துப் பொரித்த மாவுப் பொதி, இந்த ஊரின் அடையாளம். பெயரில் இறைச்சி இல்லை, உள்ளே பெரும்பாலும் மாட்டிறைச்சி இருக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் கேட்காமல் வாயில் வைக்கக் கூடாது. 'கூயி பட்டர் கேக்' என்பதில் முட்டை உண்டு. சிப்பெவா தெருவில் டெட் ட்ரூஸ் கடையின் ஃப்ரோசன் கஸ்டர்டிலும் முட்டை மஞ்சள் கரு உண்டு, ஐஸ்கிரீம் என்று நினைத்து முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். முட்டை சாப்பிடுபவர்கள் 'கான்க்ரீட்' என்னும் கெட்டியான கஸ்டர்டைக் கேளுங்கள். கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் கையில் தருவார்கள். உள்ளே உட்கார இடம் இல்லை, எல்லாரும் பார்க்கிங்கில் நின்றபடிதான்.

ஊர்ப் பாணிப் பீட்சா அப்பளம் கனத்தில் மெல்லியது. அதன்மேல் போடும் 'ப்ரோவெல்' பாலாடைக்கட்டி பல்லில் ஒட்டும். எனக்குப் பிடிக்காது. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

11. கிளம்பும் நாள்

விமானம் மாலையில் என்றால் பெட்டிகளை ஹோட்டலிலேயே ஒப்படைத்துவிட்டுச் சுற்றுங்கள். வாடகை வண்டியில் போட்டுக்கொண்டு ஊர் சுற்ற வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான்.

விமான நிலையத்துக்கு மெட்ரோலிங்க் நேராகப் போகிறது, ஆனால் சிவப்புத் தடம் மட்டும். நீலத் தடம் ஃபாரஸ்ட் பார்க் நிலையம்வரை அதே தண்டவாளத்தில் வந்து அப்புறம் வேறு பக்கம் பிரிந்துவிடும். முகப்பில் விமான நிலையத்தின் பெயரான லாம்பர்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். டிக்கெட்டை ஏறும் முன் வாங்க வேண்டும், ரயிலுக்குள் விற்பதில்லை. விமான நிலையத்தில் இரண்டு முனையங்கள் உண்டு, இரண்டுக்கும் தனித்தனி நிறுத்தம். சவுத்வெஸ்ட் விமானம் என்றால் இரண்டாம் முனையம். மாறி இறங்கிவிட்டால் பெட்டியோடு நடந்து போகப் பார்க்காமல் இலவசப் பேருந்தைப் பிடியுங்கள்.